வெள்ளைக் கட்டத்தில் நீலம்

வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவது பார்க்கத்தான் சுலபம், மேடம். அரை வாளித் தண்ணீருக்கு இரண்டே சொட்டு. கூடினால் சட்டை ஊதா பூத்துவிடும், குறைந்தால் பழுப்பு போகாது. நீலத்தைத் தண்ணீரில் நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் துணியை முக்க வேண்டும். அவசரப்பட்டுத் துணிமேல் ஊற்றினால் திட்டுத்திட்டாக நின்று மானத்தை வாங்கும். எங்கள் வீட்டில் இதைச் செய்கிறவள் நான் ஒருத்திதான். சாயப்பட்டறையின் லேபில் வேலை, நாள் முழுக்க வெள்ளைக் கோட் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும், அது பளிச்சென்று இருந்தால்தான் எனக்கு வேலை ஓடும். தம்பி மனைவிக்கு இந்தப் பொறுமையெல்லாம் கிடையாது, எல்லாவற்றையும் மெஷினில் திணித்து மூடிவிடுவாள். அதனால்தான் நீங்கள் வந்து, இந்த வீட்டில் நீலம் வாங்குகிறவர் யார் என்று கேட்டவுடன் அவள் யோசிக்காமல் என்னைக் காட்டினாள்.

ஸ்டேஷனில் நீங்கள் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்கிறீர்கள், நானும் மரியாதையாகச் சொல்லிவிடுகிறேன். நடுநடுவே ‘ஏன், ஏன்’ என்று மட்டும் இழுக்காதீர்கள். எனக்குச் சட்டென்று எரிச்சல் வரும். என் போக்கில் விட்டுவிட்டால் காரணம் தானாக வந்து சேரும்.

அம்மாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனபோது அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வீட்டில் எல்லாரையும் பரிசோதித்தார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, அவள் ஆட்டத்திலேயே இல்லை. அவன் மனைவிக்குப் பொருந்தவில்லை. எனக்குப் பொருந்தியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு இருக்குல்ல, ஒண்ணைக் குடுத்தா நீ என்ன குறைஞ்சா போயிடுவே?" என்றாள். இரண்டு புடவை வைத்திருக்கிறவளிடம் ஒன்றைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். கொடுத்தேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் எனக்குப் பேசிவைத்திருந்த இடத்தில் விஷயம் தெரிந்துபோய், மாப்பிள்ளையின் அம்மா போன் பண்ணினாள். "பொண்ணுக்கு ஒண்ணு குறையுதாமே?" அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு வந்தவர்களும் காப்பியைக் குடித்துவிட்டுப் போனதோடு சரி. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தம்பி, "நான் இருக்கேன்க்கா" என்றான். நான் என் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, ஜன்னல் கிடையாது, ட்யூப்லைட் உண்டு. இன்றுவரை அதுதான் என் அறை.

ஆபரேஷன் செய்த டாக்டர் தம்பியிடம், "புதுசா வந்திருக்கிற கிட்னியை விருந்தாளி மாதிரி வெச்சுக்கணும். உடம்பு அதை அந்நியம்னு நெனச்சு வெரட்டப் பார்க்கும்" என்று சொல்லியனுப்பினார். அன்றிலிருந்து வீட்டில் அதற்குப் பெயர் விருந்தாளி. "விருந்தாளிக்குத் தண்ணி குடுத்தாச்சா?" "உப்பு தூக்கலா இருக்கே, விருந்தாளிக்கு ஆகாது." "ஃபேனைக் குறைங்க, விருந்தாளிக்குக் குளிரும்." வலது பக்க அடிவயிற்றில்தான் வைத்துத் தைத்திருந்தார்கள். தம்பி சாப்பிட உட்காரும்போது அந்த இடத்தைத் தட்டிக்கொடுத்து, "என்னப்பா, சௌக்கியமா?" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதோடு கூடப் பிறந்தது ஒன்று என் உடம்பில் இருக்கிறதே, அதற்கு அந்த வீட்டில் பெயரே கிடையாது. எனக்கு ஜலதோஷம் பிடித்தால், "அண்ணி, அவர் பக்கத்துல வந்துடாதீங்க, விருந்தாளிக்கு ஒட்டிக்கும்" என்பாள் தம்பி மனைவி. என்னுடைய சிறுநீரகத்துக்கு என்னிடமிருந்தே காவல் போட்டார்கள், மேடம்.

ஆனால் காலையில் ஒரு நிமிஷம் எனக்கென்று இருந்தது. தம்பி எழுந்ததும் சிறுநீரில் ஒரு பட்டையை முக்க வேண்டும். விரல் நீளத்துக்கு மெல்லிய பிளாஸ்டிக், அதில் சின்னச் சின்ன வண்ணக் கட்டங்கள். அதில் ஒரு கட்டம் மஞ்சள். சிறுநீரகம் சரியாக இருந்தால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். புரதம் கசிய ஆரம்பித்தால் பச்சைக்குத் திரும்பும். பச்சை வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பாட்டில்மேல் ஒட்டியிருக்கிற வண்ணங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வார்கள், தம்பிக்கு அதில் நம்பிக்கை போதாது. நான் பிழைப்பே நிறம் பார்ப்பதில் நடத்துகிறவள். பட்டையைத் தூக்கிக்கொண்டு வருவான். "அக்கா, பார்த்துச் சொல்லு." நான் கூடத்து ஜன்னலுக்குக் கொண்டுபோய், வேண்டுமென்றே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு பார்த்துவிட்டு, "மஞ்சள்தான், போ" என்பேன். அவன் மூச்சை விட்டுவிட்டு ஷேவ் பண்ணப் போவான். பல வருஷம் இப்படித்தான் விடிந்தது எங்களுக்கு.

அப்புறம் அந்தப் பெட்டி வந்தது. உங்கள் மேஜைமேல் பையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அதுதான். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும், சட்டைப்பையில்கூடப் போட்டுக்கொள்ளலாம். பக்கவாட்டில் ஒரு தட்டை இழுத்து அதில் பட்டையை வைத்துத் தள்ளினால், உள்ளே ஒரு குட்டி விளக்கு எரிந்து, கட்டங்களில் பட்டுத் திரும்புகிற ஒளியை அளந்து, மேலே திரையில் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ காட்டும். கழித்தல் என்றால் நலம். பொத்தானை அமுக்கினால் முடிவு போன் வழியாக ஆஸ்பத்திரிக்கே போய்விடும். கழித்தலாகவே வந்துகொண்டிருந்தால் ரத்தப் பரிசோதனைக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தரம் நேரில் போனால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே உனக்கு இந்தத் தொல்லையே இல்லக்கா. தட்டை மட்டும் தெனம் கழுவி வெச்சிடு. லேப்ல இருக்கறவ, சுத்தமா செய்வே" என்றான்.

தொல்லை என்று நான் எப்போது சொன்னேன், மேடம்? பார்த்துச் சொல்கிறவளைத் தட்டுக் கழுவுகிறவளாக ஆக்கிவிட்டு, அதை எனக்குச் செய்த உபகாரமாக வேறு சொன்னான்.

பட்டறையில் எங்களிடம் இதே சங்கதி பெரிய அளவில் இருக்கிறது. சாயம் போட்ட துணித்துண்டை வைத்தால் நிறத்தை அளந்து சொல்லும். ஆனால் தினமும் வேலை தொடங்கும்முன் அதற்கு ஒரு வெள்ளைப் பீங்கான் வில்லையைக் காட்ட வேண்டும். ‘இதுதான் வெள்ளை’ என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அப்புறம் நாள் முழுக்க அந்த வெள்ளையோடு ஒப்பிட்டுத்தான் எல்லாவற்றையும் அளக்கும். ஒரு தரம் யாரோ அந்த வில்லையை அழுக்குக் கையால் தொட்டுவிட்டு, அன்றைக்குப் போன சரக்கு முழுக்க நிறம் தப்பாகத் திரும்பி வந்தது. மேனேஜர் தாண்டிக் குதித்தார். வெள்ளை கெட்டுப்போயிருப்பது அந்த மெஷினுக்குத் தெரியவே தெரியாது, அது பாட்டுக்குச் சரி சரி என்றுதான் சொல்லும். தம்பியின் பெட்டியிலும் தட்டின் கோடியில் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைக் கட்டம் இருந்தது. முதல் நாள் கழுவும்போதே பார்த்துவிட்டேன். அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை.

பத்து வருஷம் நன்றாக இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் வைத்தார்கள். தம்பியை மேடைக்கு அழைத்தார்கள். நான் நாலாவது வரிசையில், அவனுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டருக்கு நன்றி சொன்னான். நர்சுகளுக்குச் சொன்னான். மனைவிக்கும் சொன்னான். அடுத்தது நான்தான் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டேன், எழுந்து நிற்கச் சொன்னால் நிற்க வேண்டுமே. அவன் இடுப்புக்குக் கீழே, வலது பக்கம் தட்டி, "கடைசியா ஒண்ணு. இது இல்லேன்னா நான் இல்லே" என்றான். அவ்வளவுதான், கை தட்டினார்கள், இறங்கிவிட்டான். பேன்ட்டின் வலது பாக்கெட்டில்தான் அந்தப் பெட்டியை எப்போதும் வைத்திருப்பான். வயிற்றைக் கீறிக் கொடுத்தவள் எதிரே உட்கார்ந்திருக்க, ஒரு சோப்புப் பெட்டிக்கு நன்றி சொல்கிறான் மேடையில்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் ஒரு காலை. தம்பி பட்டையைத் தட்டில் வைத்துத் தள்ளிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான், வந்துதான் பார்ப்பான். நான் வாஷ்பேசின் பக்கம் நின்றேன். திரையில் கூட்டல் குறி வந்தது. தட்டை இழுத்துப் பட்டையைப் பார்த்தேன். மஞ்சளில் இளம் பச்சை ஏறியிருந்தது, நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். பெட்டி சரியாகத்தான் சொன்னது.

இப்போது அவன் வெளியே வருவான், கூட்டலைப் பார்ப்பான், ஆஸ்பத்திரிக்கு ஓடுவான், மருந்து கொடுப்பார்கள், சரியாகிவிடும். மறுபடியும் பெட்டி காப்பாற்றிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்வான். அதை நினைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் கோட்டை ஊறவைக்க நீலம் கலக்கி வைத்திருந்தேன், பக்கத்திலேயே வாளி. விரலை நனைத்து வெள்ளைக் கட்டத்தில் தொட்டேன். திரையில் ‘வெள்ளையைத் துடைக்கவும்’ என்று வந்தது. அதிகமாகிவிட்டது. துடைத்துவிட்டு இன்னும் நீர்க்கத் தொட்டேன். எனக்கா அளவு தெரியாது? நீலம் ஏறிய கட்டத்தை வெள்ளை என்று நம்பினால், பெட்டிக்கு இளம் பச்சையும் மஞ்சளாகத்தான் படும். பட்டையைத் திரும்பத் தள்ளினேன். கழித்தல். தம்பி துண்டோடு வந்து திரையைப் பார்த்தான், பொத்தானை அமுக்கினான், பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனான். தட்டிலிருந்து எடுத்த பட்டையை ஒரு தரம், ஒரே ஒரு தரம் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். அப்படியே குப்பைக்கூடையில் போட்டான்.

கொல்ல வேண்டும் என்று அன்றைக்கு நினைக்கவில்லை, மேடம். நீங்கள் நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். சில நாள் போகட்டும், அவனுக்கே சந்தேகம் வரட்டும், பழையபடி பட்டையை எடுத்துக்கொண்டு என்னிடம் வரட்டும் என்றுதான் நினைத்தேன். ‘அக்கா, பார்த்துச் சொல்லு’ என்று ஒரு வார்த்தை. நான் பார்த்து, பச்சைடா, கிளம்பு என்று சொல்வேன். பெட்டி குப்பைக்குப் போகும், நான் என் இடத்துக்கு வருவேன். யாருக்கும் நஷ்டம் இல்லாத ஏற்பாடு. அவன் வாயைத் திறந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அவன் கேட்கவில்லை. நான் தினமும் தட்டைக் கழுவினேன், தினமும் நீலம் தொட்டேன், தினமும் கூடையிலிருந்து பட்டையை எடுத்துப் பார்த்தேன். இளம் பச்சை கிளிப்பச்சை ஆயிற்று. ஒரு நாள் அவன் ஆபீஸ் கிளம்பும்போது, "செருப்பு இறுக்குதுக்கா, கால் வீங்கின மாதிரி இருக்கு" என்றான்.

"பெட்டி என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

"நார்மல்னுதான் சொல்லுது."

"அப்புறம் என்ன?"

அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது ஒரு சைஸ் பெரிய செருப்பாக நானே வாங்கி வந்தேன். போட்டுப் பார்த்து, "இப்பதான் சுகமா இருக்கு" என்றான். அப்போதுகூட வாயில் வரவில்லை பாருங்கள், அந்த ஒரு வார்த்தை.

அந்த வாரக் கடைசியில் தம்பி மனைவி போனை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். கூட்டத்தில் எடுத்த வீடியோ அப்போதுதான் அவளுக்கு வந்ததாம். "அண்ணி, இதைப் பாருங்க. உங்களைத்தான் சொல்றார், நீங்க அன்னிக்கு முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டே வந்தீங்க" என்றாள். பார்த்தேன். அவன் கை பாக்கெட்டில் படவில்லை. அதற்கு மேலே, அடிவயிற்றில் இருந்தது. பெட்டி அவனிடம் இல்லவும் இல்லை. கூட்டத்துக்குக் கிளம்பும்போது நானே அதைப் பையில் எடுத்து வைத்தேன், அந்தப் பை முழு நேரமும் என் மடியில் இருந்தது. கோபத்தில் அது எனக்கு ஞாபகமே வரவில்லை. அவன் ‘இது’ என்றது விருந்தாளியை.

நீங்கள் முகத்தை அப்படி வைத்துக்கொள்ள வேண்டாம். தம்பி மனைவியும் அப்படித்தான் பார்த்தாள், நான் அழுது அவளைக் கட்டிக்கொள்வேன் என்று. எனக்கு வந்த கோபம் அவளுக்குப் புரியாது. அந்தச் சோப்புப் பெட்டியாவது யாரோ செய்த பொருள். விருந்தாளி என்னுடையது, என் வயிற்றில் இருந்தவரை அதை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவன் உடம்புக்குள் போனதும் அதற்குப் பெயர், உபசாரம், மேடை, கைதட்டல். அதைப் பெற்றவள் மாதிரி நான் நாலாவது வரிசையில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ‘எங்க அக்கா’ என்று இரண்டு வார்த்தை சொல்ல வாய் வலிக்கிறதா? வயிற்றைத் தட்டி ‘இது’ என்றால் நான் அதில் அடக்கமா? "நல்லா பேசியிருக்கான்" என்று சொல்லி போனைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் காலை வெள்ளைக் கட்டத்தைத் துடைத்துப் பழையபடி ஆக்கியிருக்கலாம். இன்னும் நேரம் இருந்தது என்று டாக்டரே பிறகு சொன்னார். நான் நீலம் தொட்டேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். ஆபீசில் மூச்சு முட்டி விழுந்தான், நுரையீரல் முழுக்க நீர். ஆஸ்பத்திரியில் வைத்தும் பிழைக்கவில்லை. தினமும் நலம் என்று சொன்ன பெட்டியின் மேல் தம்பி மனைவி புகார் கொடுத்தாள். பெட்டிக் கம்பெனியிலிருந்து சர்வீஸ் ஆள் ஓடி வந்தான், அவன் கம்பெனியின் பெயரைக் காப்பாற்ற வேண்டுமே. "எங்க மெஷின் பொய் சொல்லாதுங்க" என்று சொல்லிக்கொண்டே ஈரப் பஞ்சால் வெள்ளைக் கட்டத்தைத் துடைத்தான். பஞ்சு நீலமாக வந்தது. தம்பி மனைவி உங்களுக்குப் போன் பண்ணினாள்.

இப்போது இந்தத் தாளில் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தேன். ‘பரிசோதனைக் கருவியை வேண்டுமென்றே கெடுத்து, அது காட்டிய தவறான முடிவை இறந்தவர் நம்பியதால்’ என்று போட்டிருக்கிறீர்கள். அது உண்மை இல்லை, மேடம். அதற்காகத்தான் இவ்வளவும் சொல்ல வேண்டியிருந்தது.

அவன் விழுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தம்பி மாடிப்படிக்குக் கீழே குனிந்து என் அறைக்குள் வந்தான். முகம் உப்பியிருந்தது. கையில் அன்றைய பட்டை.

"அக்கா, பெட்டி நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுது. ஆனா எனக்கு என்னமோ சரியாப் படல. பச்சையா இருக்கிற மாதிரி இல்ல? நீ ஒரு தரம் பார்த்துச் சொல்லு."

நான் காத்திருந்த வார்த்தை, காத்திருந்த வாயிலிருந்தே வந்தது. பட்டையை வாங்கினேன். பாசிப்பச்சை. பார்வை மங்கினவன்கூடச் சொல்லிவிடுவான். ஜன்னலுக்குக் கொண்டுபோகட்டுமா என்றுகூட அவன் கேட்டான். நான் வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தேன்.

"ட்யூப்லைட்ல எல்லாமே பச்சையாத்தான்டா தெரியும். வேலையில சேர்ந்த நாள்லேர்ந்து நான் இதைத்தானே பார்க்கறேன். மஞ்சள்தான், போ."

அவன் மூச்சை விட்டான், அந்தப் பழைய மூச்சு. "அப்பாடா. நீ சொல்லிட்டா சரிதான்க்கா" என்று சொல்லிவிட்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

ஆகவே பேனாவைக் கொடுங்கள், அந்த வரியை நானே திருத்திவிடுகிறேன். கடைசியில் அவன் பெட்டியை நம்பவில்லை, மேடம். என்னைத்தான் நம்பினான். அதை எழுதாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.